பழப்பெட்டியைப் பிடித்திருந்தவன்

மொந்தெவிதேயோ, பலெர்மோ
2 சூன் 2013

வில்மார் தெச்சேரா அவர்களுக்கு,

பதினான்கு ஆண்டுகளாக உமக்கு ஒரு வரியும் எழுதாதவன் இன்று எழுதுகிறேன். அனிபாலை மண்ணுக்குள் இறக்கிய அன்று, கல்லறைத் தோட்டத்து வாயிலில் நீர் எனக்குக் கை நீட்டினீர். நான் தொப்பியைச் சரிசெய்வதுபோலக் காட்டிக் கடந்துபோனேன். அதற்கு வருந்தி எழுதுவதாக நினைத்து மகிழ்ந்துவிட வேண்டாம். நான் வழக்குரைக்க வந்திருக்கிறேன்.

நம் அனிபால் சுகாஸ்தியின் வாழ்க்கையைப் படமாக எடுத்திருக்கிறார்கள். 'பழப்பெட்டிமேல் ஒருவன்' என்று பெயர். "நான் ஆணை விரும்பும் ஆண், இதை அறிந்தபின் வாக்களிப்பதும் மறுப்பதும் உங்கள் உரிமை" என்று ஞாயிற்றுச் சந்தையின் நடுவே நின்று முழங்கி, அப்படி முழங்கியும் நகரமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டவனின் கதை. ஆணும் ஆணும் மணந்துகொள்ளச் சட்டம் இயற்றப்பட்ட இந்த ஆண்டில் அவன் பெயரைச் சொல்லாத வாய் இல்லை. அவன் உயிரோடிருந்தபோது அவனைக் கண்டு கதவைச் சாத்தியவர்களெல்லாம் இப்போது நுழைவுச்சீட்டுக்கு வரிசையில் நிற்கிறார்கள்.

நானும் நின்றேன். கடைசி வரிசையில் அமர்ந்தேன். படத்தில் நீர் இருக்கிறீர். நிக்கோ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அகன்ற தோளும் ஈரமான கண்ணுமாக, கடற்கரை விளம்பரத்தில் வரும் இளைஞனைப் போல இருக்கிறீர். நானும் இருக்கிறேன். வழுக்கைத் தலை, பிதுங்கிய வயிறு, மழை பெய்தாலும் பெய்யாவிட்டாலும் பொரித்த மாவப்பத்தைத் தின்றுகொண்டே இருக்கும் வாய், அந்த வாய் திறந்தால் வருவது ஒரே சொல்: "சொல்லாதே, வாக்கு போய்விடும்." சந்தையில் அவன் பேசிய அந்த உரையை எழுதியது யார்? இந்தக் கை. அவன் ஏறி நின்ற ஆரஞ்சுப் பெட்டி ஆடாமல் பிடித்திருந்தது யார்? இதே கை. படத்தில் உரை அவன் வாயில் தானாக ஊறுகிறது. பெட்டியை எவரும் பிடிக்கவில்லை. நிக்கோ தாவி ஏறி அவன் தோளைத் தழுவ, கூட்டம் ஆர்ப்பரிக்கிறது.

என் முன்வரிசையில் இரு பெண்கள். அவர்கள் பேசியதை அப்படியே தருகிறேன்.

"யாருடி அந்த வழுக்கை? பாக்கவே பத்திக்கிட்டு வருது."

"கூட இருந்தே குழி பறிச்சவனா இருப்பான். நிக்கோ மட்டும் இல்லேன்னா அந்த மனுஷனக் கடிச்சே தின்னிருப்பானுங்க."

"நிக்கோ கண்ணப் பாத்தியா? அதுக்கே ரெண்டு ஓட்டு போடலாம்."

இவற்றையும் நான் பொறுத்திருப்பேன். இனிச் சொல்லப்போவதைத்தான் பொறுக்க இயலவில்லை.

படத்தில் ஒரு காலை. நிக்கோ சுரைக்குடுக்கையில் மாத்தே இலையிட்டு வெந்நீர் ஊற்றி நீட்டுகிறான். அனிபால் குழலில் உறிஞ்சிக் குடித்துவிட்டு, குடுக்கையைத் திருப்பித் தந்து, "நன்றி" என்கிறான். சொன்ன கையோடு மறுபடியும் கையை நீட்டுகிறான். அரங்கமே சிரித்து உருண்டது.

"டேய், நன்றின்னு சொல்லிட்டுத் திரும்பக் கைய நீட்டுறான் பாரு!"

"அந்த நடிகன் கடல் தாண்டி வந்த மத்ரித்காரன்ப்பா. நன்றின்னா போதும், இனி ஊத்தாதேன்னு அர்த்தம்னு எவனாச்சும் சொல்லிக் குடுத்திருக்கலாம்ல?"

"எங்க வீட்ல இப்படிப் பண்ணா எங்கம்மா வெந்நீரத் தலையிலயே ஊத்திருப்பா."

செய்தித்தாள் திறனாய்வாளரும் இதையே எழுதுகிறார்: நம் மண்ணின் வழக்கம் அறியாதவர்கள் செய்த நகைப்புக்குரிய பிழை என்று. அத்தனை பேரும் சிரித்த அந்த அரங்கில் நான் ஒருவன் மட்டும் சிரிக்கவில்லை. ஏனெனில் அந்தப் படம் முழுவதிலும் உண்மையானது அது ஒன்றுதான்.

அனிபால் என்னிடம் அப்படித்தான் செய்வான். உமக்கு முன் ஆறு ஆண்டுகள் அவனுடைய காலைகள் என்னுடையவை. அவற்றின் கடைசி ஆண்டு, எண்பத்தொன்பதின் வசந்தத்தில், ஒரு நாள் "நன்றி" என்றான். எனக்கு முகம் வாடியது. உடனே சிரித்துக்கொண்டு கையை நீட்டினான். அன்றுமுதல் நாள்தோறும் அந்த விளையாட்டு. உலகத்துக்கெல்லாம் போதும் என்று பொருள்படும் சொல், எங்கள் இருவருக்கிடையில் மட்டும் போதாது என்று பொருள்பட்டது. நான் அதை எவரிடமும் சொன்னதில்லை. சாகும்வரை சொல்லாமல் வைத்திருக்க எண்ணியிருந்தேன்.

ஆகவே கேட்கிறேன். உமக்கும் அவன் அதைச் செய்தானா? செய்ததனால்தான் நீர் படக்காரர்களிடம் சொன்னீரா? என்னுடையதை அவன் உமக்குக் கொடுத்தானா?

சினம் ஆறாத,
தார்தோ மசியேல்

*

பெல்லா உனியோன்
10 ஜூன் 2013

தார்தோ ஐயாவுக்கு,

உங்கள் கடிதம் பேருந்தில் வந்து சேர்ந்தபோது கரும்பு வெட்டும் ஒருவரின் கீழ்த்தாடைக்கு அச்சு எடுத்துக்கொண்டிருந்தேன். வாய் நிறைய மெழுகோடு அவர் காத்திருக்க, நான் உறையைப் பிரித்து நின்றேன். பாவம், பேசவும் முடியாமல் கையால் கேட்டார், யார் செத்தது என்று. யாரும் சாகவில்லை, பழைய ஆள் ஒருவர் உயிர்த்தெழுந்திருக்கிறார் என்றேன்.

நான் படக்காரர் எவரையும் பார்க்கவில்லை. ஒரு பெண் இரண்டு முறை தொலைபேசியில் அழைத்தாள். "சார், உங்க கதைதான் சார் படத்தோட உயிரு" என்றாள். "அம்மா, நான் பல்செட்டு செய்றவன், என்கிட்ட உயிரெல்லாம் கிடையாது" என்று வைத்துவிட்டேன். அதன் பிறகு அவர்களே எனக்கு ஒரு தோளும் கண்ணும் செய்து பொருத்திக்கொண்டார்கள் போலிருக்கிறது. செயற்கைப் பல்லைப் போலத்தான். கடித்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

நீங்கள் எனக்கு எழுதுவீர்கள் என்று நான் எதிர்பார்த்திருக்கவில்லை. எழுதினால் இப்படித்தான் எழுதுவீர்கள் என்பது மட்டும் தெரியும்.

பெட்டியைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். அன்று நான் கூட்டத்தில் நின்றேன். முகம் தெரியாத ஆள், தக்காளி வாங்க வந்தவன். நீங்கள் குனிந்து இரண்டு கையாலும் பெட்டியைப் பிடித்திருந்ததைப் பார்த்தேன். பேச்சு முடிந்ததும் அவன் குனிந்து உங்களுக்குக் கை நீட்டினான். "ஏறி வாடா" என்றான். முன்னால் நின்ற எங்களுக்கெல்லாம் கேட்டது. நீங்கள் தலையை ஆட்டினீர்கள். ஏறவில்லை. அவன் கை கொஞ்ச நேரம் வெறுமையாகவே தொங்கிக்கொண்டிருந்தது. அந்தக் கையைப் பார்த்துக்கொண்டு நின்றவன் நான். அதற்கு அடுத்த ஆண்டுதான் அவனிடம் முதன்முதலாகப் பேசினேன்.

நான் பெட்டிமேல் ஏறியதில்லை. படம் பொய் சொல்கிறது. ஆனால் அது எனக்காகச் சொல்லப்பட்ட பொய் இல்லை, ஐயா. அந்த இடம் காலியாக இருந்தது. யாரையாவது ஏற்றித்தானே ஆகவேண்டும்.

நன்றியைப் பற்றிக் கேட்டதற்கு இப்போது பதில் சொல்லமாட்டேன்.

வில்மார்

*

மொந்தெவிதேயோ
16 சூன் 2013

வில்மார்,

சொல்லமாட்டேன் என்கிறீர். நல்லது. நாற்பது ஆண்டுகள் வங்கித் தொழிலாளர் சங்கத்தின் மேடைகளில் நின்றவன் நான். எதிராளி எங்கே வாயை மூடுகிறானோ அங்கே அவனுடைய புதையல் இருக்கிறது என்பதை அறிவேன். செய்தான், உமக்கும் செய்தான், ஒன்பது ஆண்டுகள் காலைதோறும் செய்தான். இல்லையென்றால் இல்லை என்று சொல்ல உமக்கு ஒரு நொடி போதும்.

நான் மறுபடியும் படத்துக்குப் போனேன். அதன் பிறகும் போனேன். நுழைவுச்சீட்டு கிழிப்பவன் இப்போது என்னைக் கண்டதும் "வாங்க பெரியவரே, இன்னிக்காச்சும் அழுதுருங்க, எல்லாரும் அழுவுறாங்க" என்கிறான். படத்துக்காக நான் போகவில்லை. படம் முடிந்தபின் வாயிலில் நின்று, வெளியே வருகிறவர்கள் பேசுவதைக் கேட்கப் போகிறேன். புண்ணைச் சொறிகிறவனுக்கு வலியும் சுகமும் ஒருசேர வருமே, அதைப் போல.

ஒரு தாய் தன் மகனின் கழுத்தைக் கட்டிக்கொண்டு வெளியே வந்து, "உனக்கும் ஒரு நிக்கோ கெடைக்கட்டும்டா" என்றாள். அவன் வெட்கத்தால், "அம்மா, சும்மா இரு" என்று அவள் வாயைப் பொத்தினான். என் கண் கலங்கியது. உடனே நினைவு வந்தது: அவள் வாழ்த்தியது உம்மை. கலக்கம் வற்றிவிட்டது.

ஒரு மாணவன் சொன்னான்: "அரசியல் பாதிதான்டா காட்டியிருக்கான். அந்தப் பேச்ச எழுதினது யாருன்னே காட்டல. ஒரு மனுஷன் அப்படியே மூச்சு விட்ற மாதிரியா பேசுவான்?" அவனை நிறுத்திக் கையைப் பற்றி முத்தமிட்டிருப்பேன். அதற்குள் அவன் தோழி, "சும்மா இருடா, காதல் படத்துல போய் அரசியல் தேடுற" என்று இழுத்துக்கொண்டு போய்விட்டாள்.

கடைசிக் காட்சியை உமக்குச் சொல்லவேண்டும். மருத்துவமனை. நிக்கோ மாத்தே ஊற்றித் தருகிறான். அனிபால் ஒரு மிடறு குடிக்கிறான். "நன்றி" என்கிறான். இம்முறை கை நீளவில்லை. திரை வெளுக்கிறது. அந்தக் காலைக் காட்சியில் சிரித்த அதே வாய்கள் தேம்புகின்றன. என் பக்கத்திலிருந்த முரட்டு ஆசாமி ஒருவன், "அடப் பாவிங்களா, அதுக்குத்தான் அதா" என்று சொல்லி மூக்கைச் சிந்தினான்.

நான் எழுதிய சொற்களை அவன் வாய்க்கே தாரை வார்த்தார்கள், பொறுத்தேன். நான் பிடித்த பெட்டியில் உம்மை ஏற்றினார்கள், அந்த இடம் காலியாக இருந்தது என்று நீரும் குத்திக்காட்டிவிட்டீர், அதையும் பொறுத்தேன். என் "நன்றி"யில் தொடங்கிய விளையாட்டு உம்முடைய "நன்றி"யில் முடிந்ததா? கடைசி மிடறும் கடைசிச் சொல்லும் உமக்கே கிட்டினவா? நான் அப்போது இதே நகரத்தில், அவனிருந்த வீட்டிலிருந்து நான்கே தெரு தள்ளி, சன்னலைச் சாத்திக்கொண்டு அமர்ந்திருந்தேன். அடக்கம் வரை எனக்கு ஒருவரும் சொல்லவில்லை.

ஆம் அல்லது இல்லை. ஒரே சொல் எழுதும்.

தார்தோ

*

பெல்லா உனியோன்
27 ஜூன் 2013

தார்தோ ஐயாவுக்கு,

படம் எங்கள் ஊருக்கும் வந்துவிட்டது. இங்கே அரங்கம் கிடையாது. கால்பந்துக் கழகத்தின் கூடத்தில் வெள்ளைத் துணியைக் கட்டி ஓட்டினார்கள். துணியில் ஒரு மடிப்பு. அனிபால் முகம் வரும்போதெல்லாம் மூக்கு இரண்டாகிவிட்டது.

ஊரே வந்திருந்தது. நான் யாரோடு வாழ்ந்தவன் என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும். வாய் திறந்து சொன்னதில்லை, அவ்வளவுதான். படம் முடிந்து விளக்கைப் போட்டதும் அத்தனை தலையும் என் பக்கம் திரும்பின. மருந்துக்கடைக்காரர் எல்பியோதான் முதலில் வாயைத் திறந்தார்.

"ஏம்ப்பா தெச்சேரா, அந்த நிக்கோ நீயாமே? ஏதோ பஞ்சாயத்து பண்ணி நல்லாக் காட்டச் சொல்லிட்டியா?"

"தோளு மட்டும் என்னோடது இல்ல எல்பியோ. மத்ததெல்லாம் நான்தான்."

"மத்ததுன்னா எதுப்பா? இருக்கிறதே தோளுதான!"

கூடமே சிரித்தது. கரும்பு வெட்டும் பெண் ஒருத்தி எழுந்து வந்து என் சட்டைக் காலரைச் சரிசெய்துவிட்டுப் போனாள். அனிபாலைப் புதைத்துவிட்டு வந்த பதினான்கு ஆண்டுகளாக நான் செய்துகொடுத்த பற்களோடு சிரிக்கிற ஊர், அன்றுதான் என்னைப் பார்த்துச் சிரித்தது. வீட்டுக்கு வந்து தூங்கவில்லை.

உங்கள் பொறாமையைப் பற்றி நீங்கள் அழகாக எழுதுகிறீர்கள். என்னுடையது உங்களைப் போல அழகாக வராது. ஆனால் இருக்கிறது.

ஒன்பது ஆண்டுகள் அவன் காலையில் சமையற்கட்டில் நடந்துகொண்டே உரைகளை மனப்பாடம் செய்வான். உங்களைப் பிரிந்த பிறகும் உங்களுடைய உரைகள்தான். மன்றத்தில் புதிதாகப் பேச வேண்டியிருந்தாலும் பழையதை எடுத்து, "தார்தோ இத எப்படிக் கட்டியிருக்கான் பாரு" என்று திறந்து வைத்துக்கொள்வான். நான் ஊற்றிக் கொடுத்த மாத்தே அவன் கையில் ஆறிக்கொண்டிருக்கும். உங்கள் வாக்கியம் முடிந்தால்தான் குழலில் வாய் வைப்பான். உங்கள் வாக்கியங்கள் முடியவே முடியாது. "டேய், ஆறிப்போச்சு, குடிடா" என்பேன். "இரு, இன்னும் வினைச்சொல் வரல" என்பான்.

அவன் வாயில் இருந்தது நீங்கள். கையில் இருந்தது நான். எது மேல் என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. உங்களுக்குத் தெரிந்தால் நீங்கள் எழுதுங்கள், ஒரே சொல்லில்.

நான் பதில் சொல்லாததற்குக் காரணம் உண்டு. அதைச் சொன்னால் உங்கள் கையிலிருப்பதை நான் பிடுங்கிக்கொண்டதாக ஆகிவிடும். அந்த ஆசை எனக்கு இல்லாமலில்லை. அதனால்தான் சொல்லவில்லை.

வில்மார்

*

மொந்தெவிதேயோ
9 சூலை 2013

வில்மார்,

நேற்று நிகழ்ந்ததை வரிசை பிறழாமல் எழுதுகிறேன்.

எங்கள் பகுதியின் படிப்பகத்தில் படத்தைத் திரையிட்டு, பார்வையாளர்களின் கருத்தைக் கேட்கும் கூட்டம் வைத்திருந்தார்கள். மழை. கூரை ஒழுகியது. ஆளுக்கொரு வெந்நீர்க் குடுவையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்திருந்தார்கள். படத்தின் கதையை எழுதிய பெண்ணும் மேடையில் இருந்தாள். லூர்தெஸ் என்று பெயர், உமக்குத் தொலைபேசியில் பேசியவள்.

ஒருவர் எழுந்து மத்ரித்காரனின் உச்சரிப்பைக் குறை சொன்னார். ஒருத்தி, ஆணை விரும்பும் ஆண்கள் கூடும் விடுதிக்குள் காவலர்கள் புகுந்து அடித்ததை இன்னும் காட்டியிருக்கவேண்டும், தன் தம்பிக்கு அன்று உடைந்த விலா இன்னும் வலிக்கிறது என்றாள். ஓர் இளைஞன், "நன்றி சொல்ற அந்தத் தப்ப மட்டும் வெட்டிருங்க மேடம், வெளிநாட்ல போட்டா நம்ம மானம் போயிரும்" என்றான். எல்லோரும் சிரித்தார்கள்.

நான் எழுந்துவிட்டேன்.

எழுபத்திரண்டு அகவை வரை எத்தனையோ மேடைகளில் எழுந்திருக்கிறேன். தொழிலாளிக்காக எழுந்திருக்கிறேன், சிறைப்பட்டவனுக்காக எழுந்திருக்கிறேன், எனக்காக ஒருநாளும் எழுந்ததில்லை. "அது பிழை அன்று!" என்றேன். "அந்த வழுக்கைத் தலையன் நான்தான். நீங்கள் வெறுக்கிறீர்களே, அவன். சந்தையில் நீங்கள் கேட்ட உரையை எழுதியவன் நான். பெட்டியைப் பிடித்திருந்தவன் நான். அனிபால் சுகாஸ்தியை ஆறு ஆண்டுகள் காதலித்தவன் நான். அவனால் காதலிக்கப்பட்டவன் நான். நன்றி சொல்லிவிட்டுக் கை நீட்டியது என்னிடம். இந்த உலகத்தில் என் ஒருவனிடம்!"

வில்மார், எண்பத்தொன்பதில் அவன் கை நீட்டி அழைத்தபோது சொல்ல முடியாதிருந்ததை நேற்று சொன்னேன். வீரம் வந்து சொன்னேன் என்று எண்ணிவிடாதீர். பொறாமை வந்து சொன்னேன். எந்த அறமும் என்னை ஏற்றாத பெட்டிமேல் உம்மீதிருந்த எரிச்சல் ஏற்றிவிட்டது.

பிறகு பின்வரிசையிலிருந்து ஒரு கிழவியின் குரல், மிகவும் மென்மையாக:

"தப்பா நெனச்சுக்காதீங்கய்யா. என்கிட்டயும் அப்படித்தான் பண்ணுவாரு."

மீன்கடை வைத்திருந்த செலெஸ்தே. அவளுக்கு அடுத்திருந்தவர் கையைத் தூக்கினார். "எங்க வீட்லயும்தான். எங்கப்பா சாகுற வரைக்கும் சொல்லிட்டு இருந்தாரு, சுகாஸ்தி எங்கிட்ட மட்டும்தான் இப்படின்னு."

"யோவ், உங்கப்பாகிட்டயா? எங்க கடையிலதான்யா அது!"

"அட, சும்மா இருங்கப்பா, எங்க அத்தை அதச் சொல்லியே ஊர் பூராவும் பீத்திக்கிட்டா!"

கூடம் முழுக்கச் சிரிப்பும் கூச்சலும். லூர்தெஸ் எழுந்து என்னையே பார்த்துக்கொண்டு சொன்னாள்: "ஐயா, நாங்க இந்தத் தெருக்கள்ல வீடு வீடாப் போய்க் கேட்டோம். எல்லாரும் இதத்தான் சொன்னாங்க. எல்லாருமே, 'என்கிட்ட மட்டும்'னுதான் சொன்னாங்க. அதனாலதான் வெச்சோம்."

செலெஸ்தே விளக்கினாள். எண்பத்தொன்பதின் வசந்தத்தில் அவன் முதன்முதலாக வாக்குக் கேட்டு வீடு வீடாக ஏறி இறங்கினான். எல்லா வீட்டிலும் மாத்தே. மறுத்தால் அவமதிப்பு, குடித்துக்கொண்டே இருந்தால் அடுத்த வீட்டுக்குப் போக முடியாது. ஆகவே நன்றி என்பான். ஊற்றுகிறவர் முகம் வாடும். அதைப் பார்க்கத் தாங்காமல் மறுபடியும் கையை நீட்டுவான். "அந்தக் கைய நீட்டுனப்பவே என் ஓட்டு போயிருச்சுய்யா" என்றாள்.

எண்பத்தொன்பதின் வசந்தம். என் விளையாட்டும் அதே வசந்தத்தில்தான் தொடங்கியது என்று நானே உமக்கு எழுதியிருக்கிறேன். அதற்கு முந்தைய ஐந்து ஆண்டுகள் அவன் என்னிடம் நன்றி சொன்னதே இல்லை. சும்மா குடிப்பான், கையை நீட்டுவான், குடிப்பான். அந்த வசந்தத்தில் நானும் அவன் ஏறி இறங்கிய வீடுகளில் ஒன்றாகிவிட்டேன். போதும் என்று உண்மையாகவே சொல்லியிருக்கிறான். என் முகம் வாடியதால் கை நீட்டியிருக்கிறான். வாக்காளனிடம் நீட்டிய கை. அதை இருபத்து நான்கு ஆண்டுகள் பெட்டகத்தில் பூட்டிவைத்திருந்தேன்.

கூட்டம் முடிந்ததும் பலர் வந்து என்னைத் தழுவினார்கள். முதல் நாள் அரங்கில் என் முன்வரிசையில் இருந்த பெண்களில் ஒருத்தி, "நீங்க ஒண்ணும் அவ்ளோ வழுக்கை இல்ல" என்றாள். பேச்சாளனுக்குப் பேச்சற்றுப்போவது என்னவென்று நேற்று அறிந்தேன்.

இனி உமது பதிலுக்கு அஞ்சவேண்டியதில்லை. ஊருக்கெல்லாம் கொடுத்ததை உமக்கும் கொடுத்திருப்பான். நாம் இருவரும் மீன்கடைக்காரியும் ஒரே வரிசையில் நிற்கிறோம். எனக்கு இருக்கும் ஒரே ஆறுதல் அதுதான். அதை மட்டும் மறுத்துவிடாதீர்.

தார்தோ

*

பெல்லா உனியோன்
18 ஜூலை 2013

தார்தோ ஐயாவுக்கு,

இக்கடிதத்தைப் பலமுறை எழுதிக் கிழித்தேன். நீங்கள் ஆறுதலை மறுத்துவிடாதீர் என்று எழுதிய வரியில்தான் ஒவ்வொரு முறையும் நின்றேன். பொய் சொல்லிவிடலாம் என்றும் நினைத்தேன். ஆம் என்று ஒரே சொல். ஆனால் அத்தனை பேர் முன்னால் எழுந்து நின்ற ஆளுக்குப் பொய் எழுதக் கூடாது.

அவன் என்னிடம் ஒருநாளும் நன்றி சொன்னதில்லை.

ஒன்பது ஆண்டுகளில் ஒரு காலையில்கூட இல்லை. வேண்டாம் என்றால் குடுக்கையை மேசைமேல் கவிழ்த்துவிட்டு எழுந்து போய்விடுவான். எனக்குக் கோபம் வரும். "ஊர்ல இருக்கிற நாய்க்கெல்லாம் நன்றி சொல்றியாம், எனக்கு ஒரு தடவ சொன்னா வாய் தேஞ்சா போயிரும்?" என்று ஒருநாள் சண்டையே போட்டேன். அவன் என்னைப் பார்த்தான். "அதெல்லாம் வீட்டுக்கு வெளிய" என்றான்.

ஆம், ஐயா. உங்கள் வீட்டில் சொன்னது அவனே சொல்லித் தெரியும்; செலெஸ்தே வீட்டுக்குப் பிந்தைய தேர்தல்களில் நானும் உடன் போயிருக்கிறேன். பார்த்துப் பொறாமைப்பட்டவன் நான். அத்தனை பேரும் சிரித்துக்கொண்டு திரும்ப ஊற்றுவார்களே, அந்தச் சிரிப்பு எனக்குக் கிடைக்கவில்லையே என்று. உங்களுடைய முதல் ஐந்து ஆண்டுகளில் உங்களுக்கு என்ன கிடைத்ததோ அதுவே எனக்கும் கிடைத்தது. அப்போது அது கிடைப்பதாக உங்களுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை.

கடைசியையும் சொல்லிவிடுகிறேன். மருத்துவமனை இல்லை. சமையற்கட்டு. காலை. அவன் ஒரு குடுக்கை குடித்து முடித்துத் திருப்பித் தந்தான். வெந்நீர் தீர்ந்திருந்தது. நான் அடுப்பில் வைக்கத் திரும்பினேன். உங்கள் உரை ஒன்றைச் சொல்லிக்கொண்டிருந்தான். பாதி வாக்கியத்தில் நின்றது. வினைக்காகக் காத்திருக்கிறான் என்று நினைத்தேன். திரும்பிப் பார்த்தேன். நாற்காலியில் சாய்ந்திருந்தான். கை மேசைமேல் நீண்டிருந்தது, உள்ளங்கை மேலே பார்த்து.

அவன் நன்றி சொல்லவில்லை. யாருக்கும் சொல்லவில்லை. இன்னும் வேண்டும் என்றுதான் இருந்தான். உங்கள் வாக்கியமும், என் தண்ணீரும்.

அன்று உங்களுக்குச் சொல்லி அனுப்பாதது நான். அந்தக் கையை யாருக்கும் காட்ட எனக்கு மனமில்லை.

வில்மார்

*

மொந்தெவிதேயோ
26 சூலை 2013

வில்மார்,

உன் கடிதத்தை நின்றுகொண்டே படித்தேன், பிறகு அமர்ந்தேன். 'நீர்' என்று எழுத இனி என் கை ஒப்பவில்லை. பொறுத்துக்கொள்.

பொறாமை தீர்ந்துவிட்டது என்று எழுதினால் நான் பொய்யன். பெருகியிருக்கிறது. கவிழ்த்துவைத்த குடுக்கைகள் அத்தனையின் மீதும் பொறாமை. ஆனால் அதைத் தனியே வைத்துக்கொண்டு இந்த வீட்டில் இருக்க முடியவில்லை. அதையும் ஏற்றிக்கொண்டு அடுத்த வெள்ளிக்கிழமை வடக்கே வரும் பேருந்தில் வருகிறேன். அந்தப் பாதி வாக்கியம் எது என்று நீ சொல்லவேண்டும். வினை என்னிடம் இருக்கிறது.

பேருந்து நிலையத்துக்கு வா. வந்தால் கை நீட்டு. தொப்பி கொண்டுவரப்போவதில்லை.

உன் மேசையில் எனக்கும் ஓர் இடம் போடு. தண்ணீரை நிறையக் காய்ச்சு. ஊற்றித் தருவதை நிறுத்திவிடாதே. நான் உனக்கு நன்றி சொல்லப்போவதில்லை.

தார்தோ